டயரில் தொடங்கினால் பிரேக்கில் போய் நிற்கும்: காட்டுப்பாதைக்கு வண்டியைத் தயார்செய்வது எப்படி?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆசைகள் வந்துவிடும். வண்டியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும். பார்க்கிற படங்களில் எல்லாம் வண்டிகள் அப்படித்தான் நிற்கின்றன, ஆசை வருவது இயல்புதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் டயர், ஸ்பிரிங், கியர் விகிதம், ஸ்டீயரிங், பிரேக் எல்லாமே ஒன்றையொன்று அளவு பார்த்துக் கோர்த்தவை. ஒன்றை மாற்றினால் அதன் சுமை இன்னொன்றின் தலையில் விழும். எந்தப் பாகம் பலவீனமோ அதைத் தேடிப் போய் உடைக்கும். வார நாளில் வேலைக்கு ஓடிவிட்டு, சனி ஞாயிறில் மட்டும் கரடுமுரடான பாதைக்குப் போகிற வண்டிக்கு இது இன்னும் முக்கியம். அந்த வண்டி திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலையில் நேராக ஓட வேண்டும், பிரேக் மிதித்த இடத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே எதை மாற்றுவது என்பதை விட எந்த வரிசையில் மாற்றுவது என்பதுதான் பெரிய கேள்வி. என் பார்வையில் வரிசையின் முதல் இடம், செலவே வைக்காத ஒரு வேலைக்கு: டயரில் காற்றைக் குறைப்பது.

சாலையில் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இருக்கும் டயரை 18 அல்லது 20-க்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் நன்றாகக் கூடும். அகலம் கொஞ்சம்தான் கூடும். மணலில் வண்டி புதையாமல் மிதந்து போவதற்கும், பாறையில் டயர் கல்லைக் கவ்விப் பிடித்து ஏறுவதற்கும் இந்த நீளம்தான் காரணம். அதோடு டயரே முதல் ஸ்பிரிங்காக வேலை செய்யத் தொடங்குவதால் ஒவ்வொரு கல்லின் அடியும் ஷாக் அப்சார்பருக்கும் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கும் அப்படியே போய்ச் சேராது. கப்பிச் சாலைக்கு வழக்கமான அழுத்தத்தில் கால் பங்கு குறைத்தால் போதும். மணலில் பாதிக்கு மேல் குறைத்து 15 பிஎஸ்ஐ வரை போகலாம். எடை குறைந்த சின்ன வண்டி இன்னும் இறங்கலாம், முழுச் சுமை ஏற்றிய பெரிய வண்டி அவ்வளவு இறங்கக் கூடாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், கூரான கல் அங்கேதான் கிழிக்கும். வேகமாகப் போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்று வந்துவிடும். அப்புறம், குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகம் எடுத்தால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறி டயரே சிதையும். எனவே காற்றை இறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, திரும்ப ஏற்றவும் வழி வேண்டும். நம்பகமான ஒரு பிரஷர் கேஜ், நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸர், இந்த இரண்டும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். நான் கேட்டால் எந்த அலங்கார பம்பருக்கும் முன்னால் இவற்றைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது டயரேதான். இங்கே பலரும் அளவைப் பார்த்துவிட்டு, கட்டுமானத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒரே அளவில் பயணிகள் கார் வகை டயரும் கிடைக்கும், இலகு ரக டிரக் வகை டயரும் கிடைக்கும். இரண்டாவதில் பக்கச்சுவர் அடுக்குகள் தடிமனானவை, கல்லின் வெட்டைத் தாங்கும். தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் அமைப்பைப் பார்த்தால், சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர், கட்டைகளுக்கு நடுவே அகலமான பள்ளங்கள் விட்டு, ஒட்டிய சேற்றை உதறிக்கொண்டே ஓடும். அதே டயர் ஈரமான தார்ச்சாலையில் பிடி குறைவாக இருக்கும், இரைச்சலும் அதிகம். வாரத்தில் ஐந்து நாள் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர்தான் சரி. சேறுதான் உங்கள் பாதையில் முக்கால் பங்கு என்றால் மட்டும் மற்றதை யோசியுங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். 235/75 ஆர் 15 என்ற டயரின் மொத்த விட்டம் சுமார் 29 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டால் விட்டத்தில் 4 அங்குலம் கூடுகிறது, ஆனால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 2 அங்குலம். ஆக்சிலில் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும், பாறையில் இடிக்கிற டிஃபரென்ஷியல் உருண்டைக்கு இந்த 2 அங்குலம் பெரிய வரம்தான். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 14 சதவீதம் கூடிவிட்டதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 68-ல் போகும். எஞ்சின் அதே எஞ்சின்தான், ஆனால் ஒவ்வொரு கியரும் 14 சதவீதம் உயர்ந்த கியர் ஆகிவிட்டது. ஏற்றத்தில் கிளட்ச்சை அரைத்து அரைத்து நகர்த்த வேண்டியிருக்கும். ஆக்சிலின் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.73 என்றால், பழைய இழுவை திரும்பக் கிடைக்க 4.24-க்குப் பக்கத்தில் ஒரு விகிதம் வேண்டும். அதையும் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

பிரேக்கும் இந்தக் கணக்கில் வருகிறது. டயரின் ஆரம் கூடினால் அதே பிரேக் அதிக நெம்புகோல் நீளத்தை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். டயரும் கனமானது, சுழலும் எடை. அதை நிறுத்த இன்னும் விசை தேவை. முன்பு நின்ற தூரத்தில் இனி வண்டி நிற்காது. டயரின் எடை ஸ்பிரிங்கின் மேல் இல்லாமல் கீழே இருப்பதால் ஷாக் அப்சார்பரும் அதைக் கட்டுப்படுத்தத் திணறும். வீல் பேரிங், டை ராட் முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாமே தேய்மானக் கணக்கில் சேரும். டயர் உள்ளே உரசாமல் இருக்க அகலமான ரிம் அல்லது ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறவர்கள் பேரிங்கின் மேல் இன்னொரு நெம்புகோலையும் மாட்டுகிறார்கள். கடைசியாக ஸ்டெப்னி: அதுவும் அதே அளவில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நாலு சக்கர இழுவையில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அந்தப் பெரிய ஸ்டெப்னி பின்கதவில் தொங்கினால், கதவுக் கீல் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஒரே ஒரு மாற்றத்தின் விளைவு. தொழிற்சாலை அளவில் அல்லது அதற்கு ஒரு படி மேலே, பக்கச்சுவர் வலுவான ஆல் டெரெய்ன் டயர் என்று நின்றுகொண்டால் இந்தச் சங்கிலியில் பெரும்பகுதி தொடங்கவே தொடங்காது.

உயரம் கூட்டுவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அடிப்பகுதி முழுவதும் உயரும் என்று நினைக்கிறார்கள். முழு ஆக்சில் வண்டியில், அதாவது இரண்டு சக்கரங்களையும் ஒரே விறைப்பான ஆக்சில் இணைக்கும் வண்டியில், உயர்வது சேசிஸும் உடம்பும் மட்டுமே. டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. ஸ்பிரிங் உயரம் தருவது வேறு: பாறையை நோக்கி ஏறும்போது முன் பம்பர் இடிக்காத கோணம், மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாத கோணம், இறங்கும்போது பின்பக்கம் உரசாத கோணம். ஆனால் பல வண்டிகள் இதைப் பிறவியிலேயே கொண்டு வருகின்றன. 2018-ல் வந்த சுசுகி ஜிம்னியில் எந்த மாற்றமும் செய்யாமலே இந்த மூன்று கோணங்களும் 37, 28, 49 டிகிரி. வார இறுதிப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் கூடவே சில வேலைகளும் வரும். முழு ஆக்சில் உள்ள வண்டியைத் தூக்கும்போது ஆக்சில் கொஞ்சம் சுழன்று காஸ்டர் கோணம் குறைகிறது. காஸ்டர்தான் ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது. அது குறைந்தால் வண்டி நெடுஞ்சாலையில் அலையும். ஏற்கெனவே தேய்ந்த புஷ்ஷோ தளர்ந்த பான்ஹார்டு ராடோ இருந்தால், ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கையில் அடங்காமல் உதறத் தொடங்கும். பான்ஹார்டு ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பதால், உயரம் கூடும்போது ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்தும் வைக்கும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய ராடு தேவைப்படும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, கிராஸ் ஜாயிண்ட் அதிரும். தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் சிவி ஜாயிண்ட்டின் கோணம் கூடி ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், உள்ளே மண் போகும், ஜாயிண்ட்டே போய்விடும். இவை எல்லாவற்றுக்கும் மேல் புவியீர்ப்பு மையம் உயர்கிறது. பக்கச் சரிவில் வண்டி உருளும் எல்லை அதே அளவுக்கு நெருங்கி வருகிறது.

உயரத்தை விட முக்கியம், வண்டியின் உண்மையான எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் அதோடு பொருந்திய ஷாக் அப்சார்பரும். இரும்பு முன் பம்பர், வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), கூரைக் கேரியர், இரண்டாவது பேட்டரி, சமையல் சாமான், தண்ணீர் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன மொத்த எடை வரம்பைத் தாண்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. வரம்பைத் தாண்டினால் காப்பீட்டிலும் சட்டத்திலும் சிக்கல் வரும். அது இருக்கட்டும், முதலில் விரிசல் விடுவது சேசிஸும் ஸ்பிரிங் பிடிமானங்களும்தான். வாங்கிய சாமான்களை எல்லாம் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து ஒரு எடை மேடையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் ஸ்பிரிங் வாங்கும் பேச்சையே எடுக்க வேண்டும்.

லாக்கரை விரும்புகிறவர்களும் நிறைய. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. மற்ற சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் போகும், வண்டி அசையாது. லாக்கர் இரண்டு பக்கத்தையும் ஒரே தண்டாகப் பூட்டிவிடும், தரையில் இருக்கும் சக்கரம் முழு விசையையும் வாங்கும். இங்கேயும் சுமை இடம் மாறுகிறது. முன்பு இரண்டு ஷாஃப்ட்டுகள் பங்கிட்டுக்கொண்ட விசையை இப்போது ஒன்றே தாங்கும் நேரம் வரும். லாக்கர் போட்டு, பெரிய டயர் போட்டு, ஆக்சில் ஷாஃப்ட்டை மட்டும் பழையபடி விட்டால் அடுத்து உடையப்போவது அதுதான். இன்றைய பல வண்டிகளில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்ய ஒரு கணம் ஆகும், ஆக்சிலரேட்டரைப் பதறாமல் நிதானமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைப் பழகிக்கொண்டாலே லாக்கர் தேவைப்படும் இடங்கள் கணிசமாகக் குறையும்.

பாறையில் பாகங்களைக் காப்பாற்றுவது மெதுவாகப் போகும் திறன். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மெதுவாக ஊர்வதற்கான கியர்), ஆக்சில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் வருவது ஊர்ந்து செல்லும் விகிதம். 4.0, 2.5, 4.1 என்றால் 41. ஜீப் ராங்லர் ரூபிகானின் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4-க்கு 1 என்று இருப்பது அதனால்தான். எஞ்சின் சாவகாசமாகச் சுழல, சக்கரம் அங்குலம் அங்குலமாக நகரும். பெரும்பாலான உடைசல்கள் வேகத்தில் நடக்கின்றன. காற்றில் விர்ரென்று சுழலும் சக்கரம் சட்டென்று பாறையைத் தொட்டு நிற்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் சிவி ஜாயிண்ட்டிலும் ஷாஃப்ட்டிலும் இறங்கும். சக்கரம் துள்ளத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் மீட்பதற்கான ஏற்பாடு, காற்றுக்கும் டயருக்கும் அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது. முன்னும் பின்னும் சேசிஸோடு போல்ட் போட்டு இணைத்த, எடை வரம்பு குறித்த கொக்கிகள் வேண்டும். லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டுவதற்காக வைத்த வளையங்கள் இதற்கு உதவாது. டிரெய்லர் மாட்டும் இழுவை உருண்டையில் மீட்புக் கயிற்றை மாட்டவே கூடாது. நீளும் நைலான் கயிறு 30 சதவீதம் வரை நீண்டு அவ்வளவு ஆற்றலையும் தனக்குள் வைத்திருக்கும். உருண்டை பிய்ந்தால் அந்த ஆற்றலோடு அது கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. வின்ச் வாங்கினால் முழுச் சுமையோடு கூடிய வண்டி எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுப்பதாகப் பாருங்கள். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் இழுவிசை, டிரம்மில் கயிற்றின் முதல் சுற்றடுக்குக்கு மட்டும் பொருந்தும். அடுக்கு கூடக்கூட இழுவை குறையும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்னார்க்கல் குழாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது காற்றைப் போல் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், உண்மைதான். ஆனால் வார இறுதியில் சின்ன ஓடைகளைக் கடப்பவர்களுக்கு அதை விட அடிக்கடி நேர்வது சத்தமில்லாத ஒன்று. மணிக்கணக்கில் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது உண்டாகும் வெற்றிடம், ஆக்சிலின் மேலிருக்கும் மூச்சுத்துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதற்குத் தீர்வு, அந்தத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுவது. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அப்படியே. சொற்பச் செலவு, ஒரு மதிய நேர வேலை. இதைவிடப் பயனுள்ள மாற்றம் ஒரு வண்டியில் அதிகம் இல்லை.

நீரைக் கடந்துவிட்டு வந்த வண்டியை இரவெல்லாம் நிறுத்திவைத்து, காலையில் டிஃபரென்ஷியலின் கீழ் போல்ட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அடியில் தங்கியிருக்கும், உள்ளே போயிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். நிறுத்திவைக்காமல் தொடர்ந்து ஓட்டியிருந்தால் ஆயில் பால் கலந்தது மாதிரி வெளுத்திருக்கும். இரண்டில் எது தெரிந்தாலும் ஆயிலை உடனே மாற்றுங்கள். அடுத்த சர்வீஸ் வரை பொறுத்தால் பேரிங்கில் துரு ஏறியிருக்கும்.

பயணத்துக்குப் பிந்தைய பராமரிப்பு அடிப்பக்கத்தைக் கழுவுவதில் தொடங்குகிறது. காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துச் சேசிஸைத் துருப்பிடிக்கச் செய்யும், கூடவே கசிவையும் விரிசலையும் மறைத்துவிடும். சுத்தமான உலோகத்தில்தான் புதிய ஆயில் கறை தெரியும். ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த சேற்றையும் மறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கினால் பலர் நேரே அலைன்மென்ட்டுக்கு ஓடுகிறார்கள், பல நேரம் காரணம் அந்த ஒரு கை மண்தான். ரேடியேட்டர் இடுக்குகளில் சிக்கிய புல் விதையைத் தண்ணீர் விட்டு உள்பக்கமிருந்து வெளியே தள்ள வேண்டும். முன்னாலிருந்து வேகமாகப் பீய்ச்சினால் இன்னும் ஆழமாகப் போய் அடைக்கும், மெல்லிய தகடுகளும் மடங்கும். சைலன்ஸரின் மேல் சிக்கிய காய்ந்த புல்லைப் பாதையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், தீப்பிடிக்க அது போதும்.

பிறகு ஜாக்கி வைத்து ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்ட்டோ தளர்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் முனைகளைப் பாருங்கள். சந்தேகம் என்றால் ஒருவர் ஆட்ட, இன்னொருவர் மூட்டில் விரலை வைத்துப் பார்த்தால் தளர்வு எங்கே என்று விரலுக்கே தெரியும். கிரீஸ் நிப்பிள் இருக்கிற கிராஸ் ஜாயிண்ட்டில் புது கிரீஸை, உள்ளிருக்கும் பழைய அழுக்கு கிரீஸ் நாலு மூலையிலும் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். தண்ணீரும் மண்ணும் கலந்த பழையது உள்ளேயே இருந்தால் புதியது சேர்த்தும் பயனில்லை.

போல்ட்டுகளுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சரியான முறுக்கில் இறுக்கியதும் நட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கீழே படுத்துப் பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது என்று ஸ்பானர் வைக்காமலே தெரியும். புதிதாக ஸ்பிரிங் போட்ட வண்டியில் முதல் பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை மட்டும் சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை ஸ்பிரிங்கின் மேல் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் ரப்பர் கிழிந்துவிடும். பட்டறையில் வேலை கொடுக்கும்போது இந்த ஒன்றை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.